விடிய விடிய ஆடின கூத்து மேடைக்கு வந்த கதை

எங்களில் பலருக்குக் கூத்து முதலில் அறிமுகமானது பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டியில்தான். கம்பஸுக்கு வந்த பிறகுதான் 'இராவணேசன்' பற்றிப் படித்தோம். அந்த நாடகம் எங்கிருந்து வந்தது என்று தேடப்போனால், கதை வாவிக்கரைக் களரியில் தொடங்கிப் பேராதனை வரைக்கும் போகுது.

முதலில் களரியைப் பார்ப்போம். எழுவான்கரை, படுவான்கரை ஊர்களில் கூத்து ஒரு இரவு நிகழ்ச்சி மட்டும் இல்லை, பல மாத வேலை. சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எல்லாம் முடிந்த பிறகுதான் அரங்கேற்றம். வட்டக்களரியைச் சுற்றிச் சனம் இருக்கும். அண்ணாவியார் நடுவில் நின்று மத்தளம் அடிப்பார். பாரமான கரப்புடுப்போடு வடமோடி அரசர்கள் விடிய விடிய ஆடுவார்கள். பெண் பாத்திரங்களையும் ஆண்கள்தான் ஆடினார்கள்.

இனி பேராதனை. அங்கே எதிரிவீர சரச்சந்திரா சிங்கள 'நாடகம' மரபை எடுத்து 1956இல் 'மனமே'யையும் 1961இல் 'சிங்கபாகு'வையும் மேடையேற்றினார். அந்த 'நாடகம'வே தமிழ்க் கூத்தோடு உறவுள்ளது. அதே பல்கலைக்கழகத்தில் படிப்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்கு இது பெரிய தூண்டுதல். 1962இல் 'கர்ணன் போர்' வந்தது. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் மாணவர்களுக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கினார்.

1960களின் நடுப்பகுதியில் வந்ததுதான் 'இராவணேசன்'. எழுதியவரும் இராவணனாக ஆடியவரும் ஒரு மாணவர்: அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு. இந்த இராவணன் வெறும் அரக்கன் இல்லை. பிள்ளையைப் போரில் இழந்து, தோற்கப்போறது தெரிந்தும் களத்துக்குப் போற மனிசன். ராமாயணத்தை இலங்கையில் நின்று பார்த்த பார்வை என்றும் சொல்லலாம்.

ஆனால் மேடைக்கு வரும்போது கூத்து மாறிப்போனது. ஒரு இரவு ஒரு சில மணித்தியாலத்துக்குள் சுருங்கியது. சுற்றியிருந்த சனம் முன்னால் மட்டும் இருந்தது. திரும்பத் திரும்ப வந்த பாட்டுகள் வெட்டுப்பட்டன. மெய்ப்பாட்டு நடிப்புக்கு இடம் கூடியது. படித்தவர்கள் கணக்கில் எடுக்காத ஆட்டத்துக்கு மரியாதை கிடைத்தது. இதே ஆட்டத்தில் புதிய கதையும் சொல்லலாம் என்று மௌனகுருவின் 'சங்காரம்' 1969இல் காட்டியது. சாதி, இனம், மதம், வர்க்கம்தான் அதில் அழிபடுற அரக்கர்கள்.

அப்ப இழப்பு? எங்களில் ஒருவனின் அம்மப்பா படுவான்கரையில் கூத்தாடினவர். மேடைக் கூத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மனே, ஆனா ஊர் எங்க?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் வரவில்லை. சட்டங்கொடுத்த நாளிலிருந்து ஊரே சேர்ந்து நடத்துற அந்த மாதங்களை மேடைக்குக் கொண்டுவர முடியாது.

இந்தக் கேள்வியை அவர் மட்டும் கேட்கவில்லை. 2000களில் சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' நண்பர்களும் சீலாமுனையில் வேறொரு வழியில் போனார்கள். கூத்தை ஊரிலேயே வைத்து, ஆடுற ஆட்களோடு இருந்து பேசி, சாதியையும் பெண்ணையும் பற்றி அதில் இருக்கிறதை மாற்றுவது. அதைக் 'கூத்து மீளுருவாக்கம்' என்றார்கள். மேடைக்குச் செம்மைப்படுத்துறதா, ஊரோடு சேர்ந்து மாற்றுறதா என்ற விவாதம் இப்பவும் முடியவில்லை.

நாங்கள் ஒரு பக்கம் மட்டும் நிற்க விரும்பவில்லை. 'இராவணேசன்' இல்லாவிட்டால் எங்களில் பாதிப்பேர் கூத்துப் பக்கம் திரும்பியே இருக்கமாட்டோம். ஆனால் பரீட்சைக்கு எழுதும்போது பேராசிரியர்களின் பெயர்தான் எங்கட பேனைக்கு முதலில் வருகுது. செல்லையா அண்ணாவியாரின் பெயரை இந்தக் கட்டுரைக்காகத் தேடும் வரை எங்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மற்ற அண்ணாவிமாரின் பெயர்கள்? அவர்களின் கொப்பிகள் இன்னும் ஊர் வீடுகளில் இருக்கின்றன. வாற லீவுக்கு ஊருக்குப் போறவர்கள், முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். நாங்களும் கேட்கிறோம்.