டயானா

ரோமானியர்களின் காட்டுக்கும் வேட்டைக்கும் உரிய தெய்வம் டயானா. லத்தீனில் இப்பெயரின் ஒலி ஏறக்குறைய ‘தியானா’. நம் தியானத்தோடு இதற்கு உறவில்லை. அது வடமொழியில் வேறொரு வேரிலிருந்து வந்தது.

டயானாவின் வேர் ‘ஒளிர்தல், பகல்வானம்’ எனப் பொருள்படும் பழைய இந்தோ-ஐரோப்பியச் சொல். லத்தீனில் பகலைக் குறிக்கும் ‘தியேஸ்’, கடவுளைக் குறிக்கும் ‘தேவுஸ்’, ஜூபிடர் என்ற பெயரின் முற்பகுதி ஆகியவை அதே வேரில் கிளைத்தவை. வேதத்து வான்தெய்வம் ‘தியௌஸ்’, தமிழுக்கு வந்து சேர்ந்த ‘தேவன்’, ‘தேவி’ ஆகியவையும் அந்தக் குடும்பமே. இரவையும் பகலாக்குபவள் என்பதால் இப்பெயர் என்று ரோமானிய எழுத்தாளர் சிசரோவின் நூல் விளக்கும். நிலவோடு அவளை இணைத்துப் பார்த்த காலத்தின் விளக்கம் அது.

பெயரில் வானம், வழிபாடோ மரங்களுக்கு நடுவே. ரோமுக்குத் தென்கிழக்கில், எரிமலை வாயில் அமைந்த நேமி ஏரிக்கரையில் அவளுடைய புகழ்பெற்ற சோலை இருந்தது. ‘நேமுஸ்’ என்றால் சோலை. ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்தது. அங்கே பூசாரியாக வேண்டுமானால், தப்பியோடி வந்த அடிமை ஒருவன் மரக்கிளையொன்றை ஒடித்து, இருக்கும் பூசாரியைச் சண்டையிட்டுக் கொல்ல வேண்டும். இந்தக் கொடிய வழக்கத்தை விளக்கப் புகுந்துதான் ஜேம்ஸ் பிரேசர் 1890இல் ‘பொற்கிளை’ நூலை வெளியிட்டார்.

கிரேக்கரின் ஆர்ட்டெமிஸோடு ஒன்றான பிறகே அவளுக்கு அப்பல்லோ உடன்பிறந்தான் ஆனான். ஆகஸ்ட் 13 அவளுடைய திருநாள். அடிமைகளுக்கும் அன்று ஓய்வு. பெண்கள் தீபங்களோடு நேமிக்குப் போனார்கள். வேட்டைக்காரி என்ற ஒற்றைச் சொல்லில் அடங்குபவளல்ல டயானா. பிரசவ வலியில் பெண்கள் கூப்பிட்ட தெய்வமும் அவள்தான்.