ஒப்புதலும் விலகலும்: 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பும் யாழ்ப்பாணப் பிரதிநிதிகளும்

ஓர் அரசியலமைப்பு இயற்றப்படுதல் ஒன்று. அது மக்களால் ஏற்கப்படுதல் மற்றொன்று. 1787இல் வரையப்பட்ட ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பு, அதற்கெனவே மாநிலங்கள்தோறும் தெரிவுசெய்யப்பட்ட பேரவைகளின் ஒப்புதலை நாடிற்று. 1788 பெப்ரவரியில் மசச்சூசெற்ஸ் பேரவை 187க்கு 168 என்னும் வாக்குகளால் அதனை ஏற்றது. ஏற்கும்போதே திருத்தங்களையும் பரிந்துரைத்தது. இத்தகைய கோரிக்கைகளின் விளைவாக 1791இல் பத்துத் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. எதிர்த்தோரின் குரலுக்கும் அந்த யாப்பில் இடம் கிடைத்தது.

இலங்கையின் முதலாவது குடியரசு யாப்புக்கு இத்தகைய இரண்டாம் வாயில் இருக்கவில்லை. 1970 மே 27ஆம் திகதி பொதுத்தேர்தலில் தெரிவான உறுப்பினர்களே, யூலை 19ஆம் திகதி கொழும்பு நவரங்கஹல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபையாகக் கூடினர். யாப்பை ஆக்குவதும் அதனை நிறைவேற்றுவதும் அச்சபையின் கையிலேயே இருந்தன.

அச்சபையில் யாழ்ப்பாணம் ஒரே குரலில் பேசவில்லை. கொக்குவிலை அடுத்துள்ள தொகுதிகளே இதற்குச் சான்றாகும். நல்லூரின் பிரதிநிதி தமிழ்க் காங்கிரசைச் சேர்ந்த சி. அருளம்பலம்; உடுவிலின் பிரதிநிதி தமிழரசுக் கட்சியைச் சேர்ந்த வி. தர்மலிங்கம். ஒற்றையாட்சியை வலியுறுத்தும் அடிப்படைத் தீர்மானம் 1971 மார்ச்சில் விவாதிக்கப்பட்டபோது, சமஷ்டி அமைப்பைக் கோரும் திருத்தத்திற்காகத் தர்மலிங்கம் வாதாடினார். பல்லினங்கள் வாழும் நாட்டிற்கு ஒற்றையாட்சி பொருந்தாது என்பது அவர் வாதத்தின் சாரம். திருத்தம் தோற்றது. எனினும், கட்சி சபையில் தொடர்ந்து பங்குபற்றியது.

முறிவை உண்டாக்கியது மொழிப் பிரச்சினையே. தமிழுக்கும் உத்தியோக மொழி அந்தஸ்துக் கோரிய திருத்தங்கள் ஏற்கப்படாமையால், 1971 யூன் 28ஆம் திகதி சா. ஜே. வே. செல்வநாயகம் தம் கட்சி சபையிலிருந்து விலகுவதாக அறிவித்தார்.

1972 மே 22ஆம் திகதி யாப்பு 119க்கு 16 என்னும் வாக்குகளால் நிறைவேறியது. அருளம்பலம் ஆதரவாக வாக்களித்தார். விலகியோரின் மறுப்போ இவ்விரு எண்களுள் ஒன்றிலும் அடங்கவில்லை. புறக்கணிப்பு அறத்தின் குரலாக ஒலித்தபோதிலும், வாக்குக் கணக்கில் அது வெறும் வெற்றிடமாகவே நின்றது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு அளித்த சிறுபான்மையோர் பாதுகாப்பும் புதிய யாப்பில் தொடரவில்லை.

மக்களிடம் கேட்கப்படாத கேள்வியைச் செல்வநாயகம் தாமே கேட்க முற்பட்டார். 1972 ஒக்டோபரில் தமது காங்கேசன்துறைத் தொகுதிப் பதவியைத் துறந்து, இடைத்தேர்தலில் தம்மை எதிர்த்துப் போட்டியிடுமாறு அரசுக்கு அறைகூவல் விடுத்தார். அத்தேர்தல் இரண்டாண்டுகளுக்கு மேல் தாமதித்து, 1975 பெப்ரவரி 6ஆம் திகதியே நடைபெற்றது. கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்தை அவர் 16,000க்கும் மேற்பட்ட வாக்குகளால் வென்றார்.

ஒரு தொகுதியின் தீர்ப்பை முழுச் சமூகத்தின் ஒப்புதலாகவோ மறுப்பாகவோ கொள்ளுதல் கண்டிப்பான வரலாற்று நோக்கிற்கு ஒவ்வாது. ஆயினும், ஏற்பதா மறுப்பதா என்று மக்களைக் கேட்க முறையான அரங்கு இல்லாதவிடத்து, இடைத்தேர்தலே அவ்வரங்காக மாறியது. சமஷ்டி கோரிச் சபையினுள் தொடங்கிய வாதம், 1976 மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டையில் தனியரசுத் தீர்மானமாக வடிவெடுத்தது. பெரும்பான்மை வாக்கு யாப்பை நிறைவேற்றப் போதுமாயிற்று. அதற்கு அனைவரின் இசைவையும் பெற்றுத்தர அது போதவில்லை.