மூன்று ரமோன்களும் ஒரு தேங்காயும்

கோயம்புத்தூர் காந்திபுரத்தில் அன்னாசிக்கும் தேங்காய்க்கும் பஞ்சம் வருவதில்லை. கேரளத்து வாழக்குளத்திலிருந்து அன்னாசி வாளையார் தாண்டி வருகிறது, கொல்லிமலையிலிருந்தும் இறங்குகிறது. பொள்ளாச்சித் தேங்காய் தெற்கே இருந்து வந்து குவிகிறது. ஒன்று ஜூஸ் கடைக்கும் மற்றொன்று குழம்புக்கும் என்று நாம் பிரித்துவைத்துவிட்டோம். பூமியின் மறுபக்கத்தில் கரீபியன் கடலில் இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோ தீவில் இரண்டையும் ஒரே கோப்பையில் ஊற்றினார்கள். வெள்ளை ரம், அன்னாசிச் சாறு, இனிப்புச் சேர்த்த கெட்டித் தேங்காய்ப்பால், நொறுக்கிய ஐஸ் ஆகிய நான்கும் சேர்ந்தால் பினா கொலாடா. 1978-இல் தீவின் அரசு அதைத் தன் அதிகாரபூர்வ பானமாக அறிவித்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கப் பாடகர் ரூபர்ட் ஹோம்ஸின் பாட்டு ஒன்று அந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

அந்தப் பானம் பிறந்த கதையில் சமையற்கட்டும் இருக்கிறது, கப்பலும் இருக்கிறது. அந்தக் கதையின் ஒரு நுனி கோயம்புத்தூரில் இருக்கிறது.

யார் கலந்தது?

இதை முதலில் கலந்தவர் யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பழைய செவிவழிக் கதை ஒரு கடற்கொள்ளையனைச் சொல்கிறது. ரொபேர்டோ கோஃப்ரெசி என்ற அவன், சோர்ந்துபோன தன் ஆட்களுக்குத் தேங்காய், அன்னாசி, ரம் மூன்றையும் கலந்து கொடுத்துத் தெம்பேற்றுவானாம். 1825-இல் அவனைச் சுட்டுக்கொன்றபோது செய்முறையும் அவனோடு போய்விட்டதாம்.

அடுத்த உரிமை தலைநகர் சான் ஹுவானில் இருக்கும் கரீபே ஹில்டன் ஹோட்டலுடையது. தீவின் அரசே செலவு செய்து கட்டி, ஹில்டன் நிறுவனத்திடம் நடத்தக் கொடுத்த ஹோட்டல் அது. 1949 டிசம்பரில் திறந்தது. அங்கே மதுக்கூடத்தில் வேலைபார்த்த ரமோன் மரேரோ, மூன்று மாதம் கலந்து கலந்து பார்த்து 1954 ஆகஸ்டில் இந்தப் பானத்தை முடித்தார் என்பது ஹோட்டலின் கணக்கு. 2004-இல், ஐம்பதாம் ஆண்டில், தீவின் ஆளுநரே அதற்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். ஆனால் அதே ஹோட்டலில் வேலைபார்த்த ரிக்கார்டோ கார்சியா, 1953-இலேயே தான் கலந்துவிட்டதாகச் சொன்னார். பழைய சான் ஹுவானில் பரச்சினா என்ற உணவகத்துக்குப் போனால், 1963-இல் ரமோன் போர்டாஸ் மிங்கோட் என்பவர் இங்கேதான் இதைப் படைத்தார் என்று கல்வெட்டே வைத்திருக்கிறார்கள்.

பத்திரிகைகளைப் புரட்டினால் இந்த ஆண்டுகள் எல்லாம் பிந்திவிடுகின்றன. 1922-இல் ஒரு பயண இதழ், கியூபாவில் இதே பெயரில் ஒரு பானம் குடிப்பதை எழுதியது. அதில் அன்னாசிச் சாறு, எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ், ரம் உண்டு, தேங்காய் இல்லை. 1950-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், ரம்மும் அன்னாசியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பானம் கியூபாவுடையது என்று எழுதியது. மரேரோவுக்கு நான்கு ஆண்டு முன்பே மூன்றும் சேர்ந்தாகிவிட்டது. அப்படியானால் 1950களின் நடுவில் சான் ஹுவானில் பிறந்தது என்ன? அதைச் சொல்ல மூன்றாவது ரமோன் ஒருவர் வேண்டும்.

கை வலியில் தொடங்கிய வேலை

தேங்காய்ப்பால் எடுக்கும் பாடு கொங்கு நாட்டு வீடுகளுக்குத் தெரியும். விருந்தாளி வந்தால் சந்தகை. மாவு வெந்து சூடு ஆறுவதற்குள் ஒருவர் அச்சில் போட்டு அழுத்துவார். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவி, ஆட்டி, துணியில் கட்டிப் பிழிந்துகொண்டிருப்பார். வெல்லமும் ஏலக்காயும் போட்ட அந்தப் பால் இல்லாவிட்டால் சந்தகை தொண்டையில் இறங்காது. இலையில் அது மணக்கிறபோது, பிழிந்தவருக்கு மணிக்கட்டு விட்டுப்போயிருக்கும்.

புவேர்ட்டோ ரிக்கோவிலும் இதே பாடுதான். கிறிஸ்துமஸுக்குத் தேங்காய்ப்பாலும் ரம்மும் சேர்த்துக் கொக்கீட்டோ செய்வார்கள். தேங்காய்ப்பாலைச் சோளமாவோடு காய்ச்சி உறையவைத்துத் தெம்ப்ளெக்கே என்ற இனிப்பு செய்வார்கள். எல்லாவற்றுக்கும் வீட்டுப் பெண்கள் ஓட்டை உடைத்து, துருவி, பிழிந்தாக வேண்டும்.

அந்தத் தீவின் பல்கலைக்கழகத்தில் வேளாண் துறைப் பேராசிரியராக இருந்தவர் ரமோன் லோப்பஸ் இரிசாரி. அவர் இந்த வேலையைக் கையிலிருந்து இயந்திரத்துக்கு மாற்ற முனைந்தார். தீவின் தொழில்களை வளர்க்க அரசு ஒதுக்கிய பணம் அவருக்குக் கைகொடுத்தது. தேங்காய்ப் பருப்பிலிருந்து கொழுப்பு நிறைந்த பாலைப் பிரித்து, அளவாகக் கரும்புச் சர்க்கரை சேர்த்து, கெடாமல் டின்னில் அடைக்கும் முறையை அவர் கண்டார். கோக்கோ லோப்பஸ் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. கரீபே ஹில்டனில் மரேரோவின் கோப்பையில் விழுந்தது இந்தக் கெட்டிப்பால்தான்.

பால் டின்னில் வந்ததும் மதுக்கூடத்தில் எல்லாம் மாறியது. இன்றைக்கும் நாளைக்கும் ஒரே சுவை, ஒரே கெட்டி. தேங்காய் உடைக்க ஆள் வேண்டாம். அமெரிக்காவில் 1930களின் கடைசியில் பரவத் தொடங்கிய மின்சார பிளெண்டரில் ஊற்றிச் சுழற்றினால் வேலை முடிந்தது. பினா கொலாடா எந்த ஊர் ஹோட்டலிலும் செய்யக்கூடிய பானமானது இப்படித்தான். யார் முதலில் ஊற்றினார் என்று சண்டை போடும் மூன்று தரப்புக்கும் அடியில் நிற்பது லோப்பஸ் இரிசாரியின் வேலை. அவருக்கும் முன்னால், பெயர் எங்கேயும் பதியாமல் பிழிந்துகொண்டிருந்த பெண்களின் வேலை.

இதை எழுதும்போது கோயம்புத்தூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மரேரோ கலந்ததாகச் சொல்லும் 1954-க்கு அடுத்த ஆண்டு, நம்மூர் பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் வெட் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த கைகளை அது எழுப்பிவிட்டது. பிறகு கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரே காலத்தில் இரண்டு ஊர்களில் இரண்டு பேர், சமையற்கட்டின் கைவலியைத் தங்கள் தொழிலாக எடுத்துக்கொண்டார்கள். கோப்பையைக் கையில் ஏந்தி நிற்பவரைவிட எனக்கு இவர்கள் இருவரும் பெரியவர்கள்.

ஒரே பயணத்தில்

இனி கப்பலின் கதை. 1493-இல் கொலம்பஸ் இரண்டாம் முறை கப்பலேறினார். அந்த நவம்பரில் குவாடலூப் தீவில் அவருடைய ஆட்கள் அன்னாசியைக் கண்டார்கள். ஐரோப்பியர் அதைப் பார்த்தது அப்போதுதான். சில நாள் கழித்துப் புவேர்ட்டோ ரிக்கோவில் கரை தொட்டார்கள். அதே கப்பல்களில் கரும்புக் கரணையும் இருந்தது. பழத்தைப் பார்த்ததும் கரும்பைக் கொண்டுபோனதும் ஒரே பயணம்.

கரும்பு நம் பக்கத்துச் சரக்கு. அதன் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையாக்கும் கலை இந்தியாவில் வளர்ந்து, மேற்கே போய், மத்தியதரைக் கடலைத் தாண்டியது. கரீபியன் தீவுகளில் அந்தக் கரும்பை வளர்க்க ஆப்பிரிக்காவிலிருந்து மக்களை அடிமைகளாகப் பிடித்துக்கொண்டுபோனார்கள். ஆலையில் மிஞ்சிய சர்க்கரைப் பாகிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் ரம் பிறந்தது. அந்த உழைப்பின் மேல்தான் இந்தக் கோப்பை நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது.

தேங்காயும் அங்கே போன சரக்குதான். 2011-இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, உலகின் 1,300-க்கும் மேற்பட்ட தென்னைகளைச் சோதித்துப் பார்த்து, தென்னைக்கு இரண்டு பூர்விகம் என்று சொன்னது. ஒன்று பசிபிக் பக்கம். மற்றொன்று தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு, லட்சத்தீவு சூழ்ந்த இந்தியப் பெருங்கடல் பக்கம். போர்ச்சுகீசியர் நம் கடலிலிருந்து எடுத்துப்போன நெற்று மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் வளர்ந்து, அங்கிருந்து கரீபியனுக்குப் போனது. சான் ஹுவான் கடற்கரைத் தென்னைகள் நம் தென்னையின் வழித்தோன்றல்கள்.

அதே போர்ச்சுகீசியர் எதிர்த்திசையில் அன்னாசியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது எவ்வளவு சீக்கிரம் பரவியது என்றால், ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்பில் ஆக்ராவின் தோட்டத்தில் ஆயிரக்கணக்கில் அன்னாசி விளைவதாக எழுதுகிறார்.

பிற்காலத்தில் கரும்பின் கதை கோயம்புத்தூருக்கே வந்தது. 1912-இல் இங்கே கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கியது. சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும், தித்திக்கும் கரும்பை ஆற்றோரத்துக் காட்டு நாணலோடு இணைத்து, வறட்சிக்கும் குளிருக்கும் தாங்கும் கரும்பை உண்டாக்கினார்கள். அந்த வழியில் வந்த கோ 205 ரகம் 1918-இல் வெளியாகி வட இந்திய வயல்களுக்குப் போனது. கோ 281, கோ 290 ஆகியவை அமெரிக்காவின் லூயிசியானா வரை போய் விளைந்தன. அந்த ‘கோ’ நம் ஊரின் முதல் எழுத்து.

கடல் அனுப்பிய இன்னொன்று

கப்பல் போகும் வழியில் பூச்சியும் வரும். 2004-இல் மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில், தென்னை ஓலையில் கண்டு முதலில் விவரித்த ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, 2016-இல் பொள்ளாச்சித் தோப்புகளுக்கு வந்துவிட்டது. இந்தியாவில் அது முதலில் தெரிந்த இடங்களில் பொள்ளாச்சியும் ஒன்று. ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டையிட்டுச் சாற்றை உறிஞ்சுகிறது. அது கழிக்கும் தேன் போன்ற பிசின் கீழ் ஓலையில் விழுந்து, கரும்பூஞ்சணம் படர்ந்து, தோப்பே கரி பூசினதுபோல் ஆகிறது.

மருந்தடித்தால் ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகளும் செத்துவிடும். அதனால் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டச் சொல்கிறார்கள். விசைத்தெளிப்பானில் தண்ணீர் பீய்ச்சச் சொல்கிறார்கள். மைதாப் பசையைத் தெளித்துக் கரும்பூஞ்சணத்தை உரித்தெடுக்கச் சொல்கிறார்கள். ஈயை அடக்கும் ஒட்டுண்ணிக் குளவியும் தோப்பிலேயே இருக்கிறது. அதன் அறிவியல் பெயர் என்கார்சியா குவாடலூப்பே. 1493-இல் அன்னாசியைக் கண்ட அதே தீவின் பெயரை அது சுமக்கிறது.

வீட்டில் செய்ய

கரீபே ஹில்டன் கொடுக்கும் அளவு இது: வெள்ளை ரம் 60 மி.லி., இனிப்புத் தேங்காய்ப்பால் 30 மி.லி., பாலாடைக் கிரீம் 30 மி.லி., புதிய அன்னாசிச் சாறு 180 மி.லி., நொறுக்கிய ஐஸ் அரைக் கப். பதினைந்து விநாடி அடித்தால் போதும். ரம் இல்லாமலும் இது முழுமையான பானம்தான். நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அப்படியே கொடுக்கலாம்.

டின் வேண்டாம். நன்றாக முற்றிய தேங்காய் ஒன்றை எடுத்து, பழுப்புத் தோல் விழாமல் வெள்ளையை மட்டும் துருவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மிக்ஸியில் அரைத்துத் துணியில் பிழியுங்கள். வெதுவெதுப்பு முக்கியம். தேங்காய்க் கொழுப்பு 24, 25 டிகிரியில் உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் எண்ணெய்ப் புட்டி கட்டிக்கொள்வது அதனால்தான். குளிர்ந்த தண்ணீரில் பிழிந்தால் கொழுப்புச் சக்கையிலேயே தங்கிவிடும். முதல் பாலைச் சில மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் மேலே கெட்டியாக ஏடு படியும். அந்த ஏட்டை எடுத்து, அதே எடைக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை போட்டு, சின்னத் தீயில் கரையும் வரை கிளறுங்கள். கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். ஆறினால் உங்கள் கெட்டிப்பால் தயார்.

அன்னாசியைக் கண் நீக்கி அரைத்து வடிகட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: பச்சை அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அது பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கும். பசும்பாலோ கிரீமோ ஐஸ்கிரீமோ சேர்ப்பதாக இருந்தால், அன்னாசித் துண்டுகளை முதலில் ஒரு கொதி விட்டு ஆறவையுங்கள், நொதி அடங்கிவிடும். தேங்காய்ப்பாலில் புரதம் கொஞ்சம்தான். அதனால் பச்சைச் சாறே போதும், வாசனையும் கூடுதல். என் கை எப்போதும் தேங்காய்ப் பக்கம்தான் போகும்: கிரீமை விட்டுவிட்டு, கெட்டிப்பாலை 60 மி.லி. ஆக்கிவிடுவேன்.

ஐஸைத் துணியில் சுற்றித் தட்டி நொறுக்கிக்கொண்டு மிக்ஸியில் போடுங்கள். முழுக்கட்டி பிளேடைக் கெடுக்கும். சாறு, கெட்டிப்பால், ஐஸ், எலுமிச்சை நாலு சொட்டு, உப்பு ஒரு சிட்டிகை. அடித்த உடனே குடித்துவிட வேண்டும். நின்றால் கொழுப்புக் குளிரில் திரண்டு மேலே மிதக்கும். முதல் பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையில் இன்னொரு முறை தண்ணீர் ஊற்றிப் பிழிந்தால் வரும் இரண்டாம் பால் குழம்புக்கு ஆகும்.

டின்னுக்குக் கொடுக்கும் காசில் எத்தனை காய் வரும் என்று கடையில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். வெள்ளை ஈயோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஆனைமலை அடிவாரத்தில் தோப்பைக் காக்கும் குடியானவருக்கு அந்தக் காசு போகட்டும். லோப்பஸ் இரிசாரி அங்கே இயந்திரம் தேடினார். நமக்கு மிக்ஸியும் கிரைண்டரும் வீட்டிலேயே இருக்கின்றன, காய் பக்கத்துத் தாலுகாவில் விளைகிறது. காயாக வாங்குங்கள், வீட்டிலேயே பிழியுங்கள்.