ஆணைக்கு முன்பா, பின்பா?

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் டிரம்மை ஒருவர் கையில் ஒப்படைக்கும் முன், பழைய ஆட்களோடு அவர் எத்தனை காலம் நின்றார் என்று பார்ப்பார்கள். ஒரு லாட் கெட்டால் நஷ்டம் பெரிது. அதே ஊரின் அரசுப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் வேறு வழியில் வருகிறார். பணிமூப்புப் பட்டியல், துறைத் தேர்வு, கலந்தாய்வு, ஆணை. நேற்றுவரை வகுப்பெடுத்தவர், மறுநாள் ஊதியப் பட்டியலுக்கும் எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளப் பதிவுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் பொறுப்பாகிறார். பயிற்சி உண்டு, பதவியேற்ற பின், சில நாட்கள்.

சிங்கப்பூரில் பயிற்சி முன்னால் வருகிறது. 1984இல் தொடங்கிய பட்டயப் படிப்பிலேயே, முதல்வராகப் போகிறவர் அனுபவமுள்ள முதல்வர் ஒருவரின் பள்ளியில் சில வாரங்கள் கூடவே இருந்து கற்றார். 2001இல் அதன் இடத்தில் தேசியக் கல்விக் கழகத்தின் ஆறு மாத முழுநேரப் பயிற்சி வந்தது. துணை முதல்வர்கள் அதில் வேறொரு பள்ளியோடு இணைக்கப்பட்டு, அங்கே புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கிறார்கள்.

நம் முறையைக் குறைத்துச் சொல்ல மனமில்லை. பணிமூப்பு சிபாரிசைத் தடுக்கிறது. நம் தலைமையாசிரியர் பல்லாண்டு கரும்பலகை முன் நின்றவர். அளவும் வேறு: சிங்கப்பூரில் பள்ளிகள் நானூறுக்கும் குறைவு; தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளோ 37,000க்கும் மேல்.

ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு போன்ற தோல் தொழில் ஊர்களில் தேவைப்படும் அறிவு எந்தத் தேர்விலும் இல்லை. ஷூ கம்பெனி பஸ் ஏறிவிட்ட தாயைப் பெற்றோர் கூட்டத்துக்கு எந்த நேரத்தில் கூப்பிடுவது? வீட்டில் உருது பேசும் பிள்ளையிடம் தமிழ்ப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது? பத்தாம் வகுப்போடு வேலைக்குப் போகத் துடிக்கும் பையனின் அப்பாவிடம் என்ன பேசுவது? இதையெல்லாம் அறிந்த ஒருவரின் பக்கத்தில் இருந்துதான் கற்க முடியும். பணியிடம் காலியாகும்போது மூத்த ஆசிரியர் ‘பொறுப்பு’ பார்க்கிறாரே, அதுவும் தொழில் பழகுவதுதான். சொல்லித்தர மட்டும் ஆளில்லை.

என் கணிப்பில் இந்த ஒன்றில் சிங்கப்பூர் வழியே சரி. பதவி உயர்வுப் பட்டியலில் இருப்பவரை, ஆணைக்கு முன் ஒரு பருவம், நல்ல தலைமையாசிரியர் ஒருவரோடு இருக்க அனுப்புங்கள். சம்பளம் குறையக் கூடாது; அவர் வகுப்புக்கு மாற்று ஆசிரியர் வேண்டும். ஆம்பூர் இருக்கும் திருப்பத்தூர் மாவட்டத்திலேயே தொடங்கலாம்.