பழைய புத்தகக் கடை

ஒருவர் படித்து முடித்த நூல்களையும் இதழ்களையும் வாங்கி இன்னொருவருக்குக் குறைந்த விலையில் விற்கும் கடை. நடைபாதையிலோ, சந்தையிலோ, பழைய பேப்பர் கடையின் ஒரு மூலையிலோ இது அமையும். புத்தகத்தைக் கையில் எடுத்து, நின்ற இடத்திலேயே நாலு பக்கம் படித்துவிட்டு, வேண்டாமென்றால் வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தைத் தமிழ் வாசகருக்குத் தந்ததில் கண்ணாடி அலமாரிக் கடைகளைவிட இவற்றுக்கே பங்கு அதிகம்.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் நூல் கடைச் சரக்காக இருக்கவில்லை. தேவைப்பட்டவர் படியெடுத்துக்கொண்டார், அல்லது எழுத்தரைக் கொண்டு எழுதுவித்தார். நூல்களைக் கற்பித்த கல்வி நிலையங்களும் நிலக்கொடையை நம்பியே நடந்தன. புதுச்சேரிக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையிலுள்ள சோரியாங்குப்பத்துக்கு அருகே பாகூரில் அப்படியொரு வித்யாஸ்தானம் இருந்தது. அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதை 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் ஆட்சியில் எழுதப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன.

தமிழில் அச்சு 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தபோதே வந்துவிட்டது. ஆனால் நெடுங்காலம் அது பாதிரிமார் கையிலும் அரசின் கையிலுமே இருந்தது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது, அங்கிருந்த பிரெஞ்சு அச்சு இயந்திரத்தைக் கொள்ளைப் பொருளாகச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். வேப்பேரியில் பாதிரியார் ஃபப்ரீசியஸின் பொறுப்பில் அது மறுபடி ஓடத் தொடங்கியது. 1835இல் அச்சகங்களுக்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கிய பிறகுதான் தமிழர் பரவலாக அச்சகம் வைத்தனர். நூல்கள் பரவலாக விலைக்கு வரத் தொடங்கியதும் அதன் பிறகே.

அந்த விற்பனையில் இரண்டு தடங்கள் உண்டு. ஒன்று பெரிய கடை. 1844இல் ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் சென்னையில் தொடங்கிய கடை 1904இல் மவுண்ட் ரோட்டில் இன்றுள்ள கட்டடத்துக்கு வந்தது. ரயில் நிலையங்களிலும் அதன் கடைகள் பரவின. மற்றது தெரு. சென்னைக் குஜிலிச் சந்தைக் கடைகளில் விற்ற மலிவுப் பதிப்புகள், கொலைச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு, பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் எல்லாம் முச்சந்தியிலும் சந்தையிலும் திருவிழாக் கூட்டத்திலும் கைமாறின. விற்பவரே பாடிக் காட்டி விற்றதும் உண்டு. வாங்குபவர் முதலில் கேட்டார், பிறகு எடுத்துப் பார்த்தார், கடைசியில் காசு கொடுத்தார். இலக்கிய வரலாறுகள் இவற்றை வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ வந்த பிறகே இந்த உலகம் உரிய கவனம் பெற்றது.

ஊர்ப்புறப் புத்தகக் கடைகளில் பொதுவாக மேசைக்கு அந்தப் பக்கம் கடைக்காரர் அலமாரியோடு இருப்பார், இந்தப் பக்கம் வாங்குபவர். நூலின் பெயரைச் சொன்னால் எடுத்துத் தருவார். பெயர் தெரியாத நூலை அங்கே சந்திக்க வழியில்லை. பழைய புத்தகக் கடை இதைத் தலைகீழாக்கியது. தேடிப் போனது ஒன்று, கிடைப்பது வேறொன்று. இந்த வகைக் கடையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதன் பெரும் தலமாக இருந்தது சென்னை மூர் மார்க்கெட். மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்ட, ஆர். இ. எல்லிஸின் வரைபடப்படி இந்தோ சாரசெனிக் பாணியில் எழுந்த செந்நிறக் கட்டடம் 1900இல் திறக்கப்பட்டது. சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே இருந்ததால், வெளியூரிலிருந்து வருபவர் வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தை அங்கே செலவிட்டார்கள். கிராமபோன் தட்டும் வளர்ப்புப் பறவையும் விற்ற அதே சந்தையில் சட்டப் புத்தகம், மருத்துவப் பாடநூல், ஆங்கில நாவல், அரிய தமிழ்ப் பதிப்பு எல்லாம் குவிந்து கிடந்தன. புதுப் பாடநூல் வாங்க முடியாத மாணவர் எத்தனையோ பேருக்கு அந்தக் கடைகள்தான் கைகொடுத்தன. 1985 மே மாதம் தீ அந்தக் கட்டடத்தைத் தின்றது. இடம் ரயில்வேக்குப் போனது. வியாபாரிகள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். கடைகள் பிழைத்தன, ஆனால் பழைய மூர் மார்க்கெட் திரும்பவில்லை. ஒரு நகரம் தன் வாசகர்களுக்கு ஏற்படுத்திய பெரிய இழப்புகளில் இதைச் சேர்க்க வேண்டும்.

இக்கடைகளில் மட்டுமே கிடைக்கும் சரக்கு ஒன்று உண்டு: பைண்டு செய்த தொடர்கதை. வார இதழில் வந்த தொடரை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் காலிகோ அட்டை போட்டுத் தைத்து வைப்பது தமிழ் வீடுகளின் வழக்கமாக இருந்தது. 1950இல் ‘கல்கி’யில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னை அப்படிச் சேர்த்தவர்கள் ஏராளம். அந்தத் தொகுப்பில் மணியம் வரைந்த ஓவியங்கள் இதழில் வந்தபடியே இருக்கும். பக்கத்து விளம்பரமும், பாதியில் வெட்டுப்பட்ட துணுக்கும் உடன் வரும். முதல் பக்கத்தில் மையில் எழுதிய பெயர், ஊர், தேதி. சிலவற்றில் வாடகை நூலகத்தின் முத்திரையும், தாமதத்துக்கு எவ்வளவு அபராதம் என்ற குறிப்பும். தனி நூலாக வந்த பதிப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்தப் பொருளுக்கு ஈடாகாது.

புதுச்சேரி வட்டாரத்தின் கதை சற்று வேறு. பிரெஞ்சு ஆட்சியில் 1827இல் தொடங்கிய பொது நூலகம் இன்று ரோமன் ரோலந்து நூலகமாக நடக்கிறது. 1908 முதல் 1918 வரை பாரதி இங்கே இருந்தார். ‘பாஞ்சாலி சபத’த்தின் முதல் பாகம் 1912இல் இங்கேதான் வெளியானது, வ. வே. சு. ஐயரின் ஆங்கிலத் திருக்குறள் மொழிபெயர்ப்பு 1916இல் வந்தது. ஆங்கிலேய இந்தியாவில் அச்சிட அஞ்சியதை இங்கே அச்சிட முடிந்தது. எல்லையைத் தாண்டிக் கொண்டுபோவதுதான் பாடு. 1954இல் பிரெஞ்சு ஆட்சி முடிந்ததும் அந்த எல்லையின் பொருள் மாறியது.

பாகூர்ப் பகுதி வாசகருக்கு இன்று வடக்கே புதுச்சேரியும், தென்பெண்ணை ஆற்றைத் தாண்டினால் கடலூரும் புத்தகம் வாங்கும் ஊர்கள். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துணிமணிக்கும் செருப்புக்கும் நடுவே பழைய புத்தகங்களும் விரிக்கப்படும். விலை பெரும்பாலும் பேச்சில்தான் முடியும். அட்டையைவிட வாங்குபவரின் முகத்தைப் பார்த்தே விலை சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. அதனால் ஆசைப்பட்ட நூலை முதலில் எடுக்காமல், நாலைந்து நூல்களோடு சேர்த்து விலை கேட்பது பழகியவர்கள் கையாளும் முறை.

1977இல் சென்னையில் தொடங்கிய புத்தகக் காட்சியும், பிற்பாடு நெய்வேலி போன்ற ஊர்களில் வந்த காட்சிகளும் புதுப் புத்தகங்களையும் மேசைமேல் பரப்பி வைத்தன. நடைபாதைக் கடை பழக்கிவிட்டிருந்த வாசகர் அங்கேயும் போய், யாரையும் கேட்காமல் எடுத்துப் புரட்டத் தொடங்கினார்.