தூர் வாரும் வேலையும் ஆட்டோவேக்குவமும்

கம்பம் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்பவர்களுக்குத் தூர் வாருவதைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறது. பிறகு 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையில் சேர்கிறது. தண்ணீரோடு வண்டலும் வரும். வைகை அணையின் கொள்ளளவே வண்டலால் குறைந்திருக்கிறது. ஊர்க் கண்மாய்களில் மழைக்கு முன்பு ஊரே கூடித் தூர் வாரி, கரையைச் சரிசெய்யும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். அந்த வழக்கம் தளர்ந்தபோது சென்னை மாகாணத்தில் 1858-ல் சட்டம் போட்டே அதைக் காப்பாற்றப் பார்த்தார்கள். 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது.

கணினியின் தரவுத்தளத்திலும் தூர் சேரும். அதை வாருவதற்கென்றே பின்னணியில் ஒரு செயல்பாடு ஓடிக்கொண்டிருக்கும். செயலியின் நேரத்தை அது அதிகமாகத் தின்னும்போது பலரும் முதலில் செய்வது அதை நிறுத்துவதுதான். அது சரியா என்பதற்கு போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் வரலாறு பதில் சொல்கிறது.

தூர் எப்படிச் சேர்கிறது?

போடிநாயக்கனூரில் நடக்கும் ஏலக்காய் மின்னணு ஏலத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அந்த விலைகள் போஸ்ட்கிரெஸில் பதிவாவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு லாட்டின் விலை 20 முறை ஏறினால், பழைய விலையை அழித்து அதே இடத்தில் புதியதை எழுதுவதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு வரி எழுதப்படும். பழைய வரியை அந்த நேரத்தில் வேறு யாராவது படித்துக்கொண்டிருக்கலாம் என்பதுதான் காரணம். ஏலம் முடியும்போது ஒரு வரிக்குத்தான் உயிர் இருக்கும். மற்ற 20 வரிகளும் செத்த வரிகள். அவற்றை அகற்றாவிட்டால் அட்டவணை வீங்கும், தேடலும் மெதுவாகும்.

வரலாறு

1986-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் போஸ்ட்கிரெஸ் திட்டத்தைத் தொடங்கினார். பழைய வரிகளை வைத்திருந்தால் கடந்த காலத் தகவலையும் கேட்டுப் பெறலாம் என்பது அவர் எண்ணம். பழையவற்றைக் காப்பகத்துக்கு நகர்த்த ஒரு துப்புரவுச் செயல்பாட்டையும் வடிவமைத்தார்கள். வேக்குவம் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

1996-ல் இது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று பெயர் மாறியது. அக்காலத்தில் வேக்குவம் ஓடினால் அட்டவணை முழுவதும் பூட்டப்பட்டுவிடும். ஆகவே ஊர் உறங்கும் நேரத்தில்தான் அதை ஓட்டினார்கள். 2002-ல் வந்த 7.2 பதிப்பு அந்தப் பூட்டை நீக்கியது. 2003-ல் தானாக ஓடும் ஆட்டோவேக்குவம் ஒரு துணை நிரலாக வந்தது. 2005-ன் தொடக்கத்தில், கொஞ்சம் வேலை செய்து கொஞ்சம் ஓய்வெடுக்கும் முறையை யான் வீக் கொண்டுவந்தார். அதே ஆண்டின் இறுதியில் அல்வாரோ ஹெர்ரேரா ஆட்டோவேக்குவத்தைத் தரவுத்தளத்துக்குள்ளேயே சேர்த்தார். 2008-ல் வந்த 8.3 பதிப்பிலிருந்து அது இயல்பாகவே இயங்குகிறது. குறியீட்டைத் தொடாத மாற்றங்களின் செத்த வரிகளை அந்தப் பக்கத்திலேயே அவ்வப்போது ஒதுக்கிவிடும் 'ஹாட்' என்ற உத்தியும் அதே பதிப்பில் வந்தது. அதை உருவாக்கியவர் இந்தியரான பவன் தேவ்லசி.

செயலி ஏன் திணறுகிறது?

பெரும்பாலும் குற்றம் ஆட்டோவேக்குவத்தின் மேல் இருக்காது. யாரோ ஒருவர் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் விட்டிருப்பார். அது முடியும் வரை, அதற்குப் பிறகு செத்த வரிகளை அகற்ற முடியாது. ஆட்டோவேக்குவம் நிமிடத்துக்கு ஒரு முறை விழிக்கும், அட்டவணையைப் படிக்கும், ஒன்றையும் அகற்ற முடியாமல் திரும்பும், மறுபடி வரும். மதகை யாரோ அடைத்துவைத்திருக்கும்போது மண்வெட்டிக்காரரைத் திட்டுவது போன்றது இது. பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற பட்டியலைப் பார்த்தால் பழைய பரிவர்த்தனை எது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு காரணம், வேலையைத் தள்ளிப்போடுவது. இயல்பு அமைப்பில் சுமார் 20 சதவீத வரிகள் செத்த பிறகே துப்புரவு தொடங்கும். 10 கோடி வரிகள் உள்ள அட்டவணையில் அது 2 கோடி வரிகள். இவ்வளவையும் ஒரே மூச்சில் வாரினால் செயலி திணறத்தான் செய்யும். அந்த அட்டவணைக்கு மட்டும் அளவை 1 சதவீதமாகக் குறைத்தால் வேலை சிறுசிறு பங்குகளாகப் பிரியும். 2019-ல் வந்த 12-ஆம் பதிப்பில் ஆட்டோவேக்குவத்தின் ஓய்வு நேரத்தை 20 மில்லிவினாடியிலிருந்து 2 ஆகக் குறைத்தார்கள். அதாவது, அதை உருவாக்கியவர்களே இன்னும் வேகமாக வாரச் சொன்னார்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் எண் உண்டு. அது 32 பிட் எண் என்பதால் சுமார் 400 கோடிக்குப் பிறகு சுற்றிக்கொண்டு முதலுக்கு வந்துவிடும். அதில் பாதி கடந்த காலம், பாதி எதிர்காலம். பழைய வரிகளுக்கு 'இது நிரந்தரமாகப் பழையது' என்று முத்திரை குத்துவதும் வேக்குவத்தின் வேலைதான். முத்திரை விழாமல் எல்லை நெருங்கினால், தகவல் கெட்டுவிடாமல் இருக்கத் தரவுத்தளம் புதிதாக எதையும் எழுத மறுத்துவிடும். அதனால் ஆட்டோவேக்குவத்தை அணைத்துவைத்திருந்தாலும், வயது 20 கோடியைத் தாண்டிய அட்டவணைகளில் அது கட்டாயமாக ஓடும். 2015-ல் சென்ட்ரி நிறுவனமும், 2019 பிப்ரவரியில் மெயில்சிம்ப்பின் மாண்ட்ரில் மின்னஞ்சல் சேவையும் இந்த எல்லையில் முட்டி நின்றன. மாண்ட்ரில் மீண்டு வர ஒரு நாளுக்கு மேல் ஆனது.

குடிமராமத்து தளர்ந்த ஊரில் கண்மாய் ஒரே நாளில் மேடாகிவிடவில்லை. இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டதன் கணக்குதான் அது. பின்னணியில் ஓடும் ஒரு செயல்பாடு செயலியைத் தின்னும்போதும் அதை நிறுத்துவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எத்தனை நாள் வேலையை அது இப்போது சேர்த்துச் செய்கிறது?