ராஜபாளையம் மில்லும் பங்கு வாங்கிய விவசாயியும்

ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் என்ற நூற்பாலைக் கம்பெனியைத் தொடங்கினார். சுற்றிலும் கரிசல் காடு, அதில் பருத்தி. விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு 1927-லேயே ரயில் வந்துவிட்டது. பஞ்சு இருக்கிறது, ரயில் இருக்கிறது. முதல்?

நூற்பாலை என்பது ஒரு குடும்பத்தின் சேமிப்பில் கட்டிவிடக்கூடியது அல்ல. பங்கு விற்றுத்தான் ஆகவேண்டும். ஆனால் விவசாயி பணம் போடுவது நிலத்தில், நகையில், மாட்டில். வெறும் காகிதத்தை நம்பி எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அதே மாவட்டத்தின் தூத்துக்குடியில்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1906 அக்டோபர் 16-ல் பதிவு. மூலதனம் 10 லட்ச ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பங்கு ஆசியர்களுக்கு மட்டும். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார்.

பதிவான ஆறாம் நாள், அக்டோபர் 22-ல், சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. வெள்ளைக்காரன் பேங்க், பத்திரம் என்று நம்பிப் போட்டவர்களின் பணம் போயிற்று. அப்படிப்பட்ட நேரத்திலும் வ.உ.சி. பங்கு சேர்த்து, 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்தார் என்பது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் எதிரில் இருந்தது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி. கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய் கடைசியில் இலவசமாகவே ஆள் ஏற்றியது. 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பலை வாங்கியதும் அந்தப் போட்டிக் கம்பெனிதான்! தேசபக்தி பங்கு விற்றுத் தந்தது. நஷ்டத்தைத் தாங்கிப் பிடிக்க அது மட்டும் போதவில்லை.

இன்னொரு பக்கம் அமெரிக்கா. மேற்குப் பகுதியில் சுரங்கம், ரயில் என்று கம்பெனிகள் முளைத்த காலம். 1872-ல் பிலிப் அர்னால்ட், ஜான் ஸ்லாக் என்ற இரண்டு பேர் ஒரு பொட்டல் நிலத்தில் தாங்களே வைரக் கற்களைத் தூவிவிட்டு, வைரச் சுரங்கம் என்று காட்டினார்கள். சான் பிரான்சிஸ்கோ பேங்க் முதலாளிகளே ஏமாந்தார்கள். கிளாரன்ஸ் கிங் என்ற நிலவியலாளர் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் குட்டு உடைந்தது. எங்கோ இருக்கும் நிலத்தை, யாரோ சொன்னதை வைத்து வாங்கினால் இதுதான் கதி.

ராஜபாளையத்தின் நிலைமை இதற்கு நேர் எதிர். மில் எழும் இடத்தை உள்ளூர்க்காரர் நடந்தே போய்ப் பார்க்கலாம். பங்கு கேட்டு வருபவர் தெரிந்தவர், அவர் குடும்பமும் தெரிந்தது. மில் ஓடினால் பருத்திக்கு உள்ளூரிலேயே ஒரு கிராக்கி. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும்.

பங்கு முறையிலும் ஒரு வசதி இருந்தது. அந்தக் காலக் கம்பெனிகள் பங்கின் முழு விலையையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தோடு கொஞ்சம், ஒதுக்கீட்டின்போது கொஞ்சம், மீதி பிறகு தவணையில். வெள்ளாமை வீட்டுக்கு வந்தபின் காசு பார்க்கும் விவசாயிக்கு இது பொருந்தும். ஆனால் கேட்ட தவணையைக் கட்டாவிட்டால் பங்கு பறிபோகலாம். கம்பெனி மூழ்கினால் போட்ட பணம் போகும், பங்கில் கட்டாமல் பாக்கி வைத்த தொகையையும் கட்ட வேண்டிவரும். அதற்கு மேல் அவர் வீட்டையோ நிலத்தையோ யாரும் தொட முடியாது. லிமிடெட் என்ற சொல்லுக்கு அர்த்தம் அதுதான்.

மில் நிலைத்தது. 1957-ல் ராமசாமி ராஜா மெட்ராஸ் சிமெண்ட்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். 1962-ல் அவர் காலமான பிறகும் அது வளர்ந்து, 2013-ல் ராம்கோ சிமெண்ட்ஸ் என்று பெயர் மாறியது.

தொழில் வரலாற்றில் முதலாளியின் பெயர்தான் நிற்கும். பங்கு வாங்கியவர்களின் பெயர் பழைய பதிவேட்டோடு போய்விடும். தூத்துக்குடியில் தோற்ற பணமும் அவர்களுடையதுதான், ராஜபாளையத்தில் ஜெயித்த பணமும் அவர்களுடையதுதான்.